வேம்புலியம்மாளின் நூற்றாண்டுக் கணக்கு

"வயசு இன்னா போடறது அண்ணாத்தே? எழுபத்தொம்போதா, எம்பதா? சீக்கிரம் சொல்லு, மிஷின்ல ஒரு மஞ்சத்தண்ணி ஃபங்ஷன் நின்னுகினு கீது" என்று ஃபிளெக்ஸ் கடைக்காரன் போனில் கேட்டபோது, வெங்கட் இன்னொரு கையால் ஐஸ் பெட்டியின் பிளக்கைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த பிளக் பாயிண்ட் ஒரு வருஷமாகவே லூஸ். அதை மாற்று, மாற்று என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்த அவன் அம்மா வேம்புலியம்மாள் இப்போது அதன் தயவில் பெட்டிக்குள் படுத்திருந்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. "நான் சொன்னேன்ல" என்கிற பார்வைதான், கண் மூடியிருந்தும்.

"எம்பது" என்றான் வெங்கட்.

"எழுபத்தொம்போது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சம்பந்தம் மாமா. வேம்புலியம்மாளின் ஒரே தம்பி. பருத்திப்பட்டிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக வந்தவர், அப்போதிலிருந்து பெட்டியின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அது வரை வாயைத் திறக்கவில்லை. திறந்ததும் முதல் சொல்லே எழுபத்தொன்பது.

"இன்னாபா, ரெண்டு பேரு ரெண்டு மாதிரி சொல்றீங்க" என்றான் ஃபிளெக்ஸ் கடைக்காரன்.

"நீ மஞ்சத்தண்ணிய மொதல்ல அடி. அப்பால கூப்புடறேன்."

வெங்கட் போனை வைத்தான். பிளக்கை விடப் பயந்து இடது கையை எடுக்காமலேயே மாமாவைத் திரும்பிப் பார்த்தான். மாமா அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் சின்ன எண்தான். ஆனால் அதன் பின்னால் ஒரு பெரிய மேளம் நின்றுகொண்டிருந்தது. பாரிவாக்கத்தில் இவர்கள் வகையறாவில், எண்பதைத் தொட்டுவிட்டுப் போனால் அது கல்யாண சாவு. மேளம், வெடி, வண்டிக்கு முன்னால் ஆட்டம், எல்லாம் உண்டு. ஒருத்தரும் அழக் கூடாது. எண்பதைத் தொடாவிட்டால் துக்கம். ஒப்பாரி மட்டும்தான், மேளம் கிடையாது. இதில் கடைசி வார்த்தை பிள்ளையுடையது அல்ல, பிறந்த வீட்டுக்காரருடையது. தம்பி கோடிப் புடவை போர்த்தினால்தான் அக்காவைத் தூக்க முடியும். தம்பி எழுபத்தொன்பது என்றால் ஊருக்கே எழுபத்தொன்பதுதான்.

வேம்புலியம்மாளுக்கு மேளம் என்றால் உயிர். யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, காலை மட்டும் தட்டிக்கொண்டிருப்பாள். வெங்கட்டின் அப்பா நாற்பத்து நாலு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனபோது மேளம் இல்லை. அப்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வயதாக ஆக அடிக்கடி சொல்ல ஆரம்பித்தாள். "உங்கப்பன் சத்தமே இல்லாம பூட்டான். நான் அப்டிப் போமாட்டேன் வெங்கட்டு. எம்பது வரிக்கும் கெட்டியா இருந்து, அடி அடின்னு அடிச்சிகினு போவேன். நீயும் ஆடணும்." வெங்கட் சரி சரி என்று தலையாட்டுவான். தாய்க்கு எதையும் வாக்குக் கொடுத்துவிடுவது அவன் வழக்கம். பிளக் பாயிண்டுக்கும் அப்படிக் கொடுத்ததுதான்.

அவள் பிறந்தது சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாதம், வேம்புலியம்மன் கோயிலில் கூழ் ஊற்றின அன்று. அதனால்தான் அந்தப் பேர். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. போன ஆடியில் எழுபத்தொன்பது முடிந்தது. இப்போது தை. அவள் கணக்கில் எண்பது நடக்கிறது. மாமா கணக்கில் எழுபத்தொன்பதுதான் முடிந்திருக்கிறது.

வேறு யாராவது என்றால் இந்த வித்தியாசத்தை விட்டுத் தள்ளியிருப்பார்கள். வெங்கட்டால் முடியவில்லை. அவன் சாப்பிடுகிற சோறே இந்த வித்தியாசத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில், முன்பு போல்ட்டு நட்டு செய்த ஒரு ஷெட்டுக்குக் கண்ணாடி மாட்டி ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். அங்கே வெங்கட் டீம் லீடர். கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒரு மியூசியம், தன்னிடமிருந்த பழைய லேஸ் துணிகளை எல்லாம் போட்டோ எடுத்து, அதனதன் அட்டையோடு அனுப்பிவைக்கும். இவர்கள் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். லேஸ் என்றால் பாவாடை ஓரத்தில் வைத்துத் தைப்பது என்ற அளவுக்குத்தான் வெங்கட்டுக்குத் தெரியும். ராஜாக்கள் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார்கள் என்று தெரிந்தபோது அவனுக்கு ராஜாக்கள் மேல் இருந்த பயமே போய்விட்டது.

அட்டையில் பதினெட்டாம் நூற்றாண்டு என்று இருக்கும். கம்ப்யூட்டர் கட்டத்திலோ வார்த்தை ஏறாது, வருஷம்தான் ஏறும். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று அடிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டா, ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம், இதைக்கூடவா கேட்பீர்கள் என்று வெங்கட் தன் டீமுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவர்கள் நம்பினார்கள். டீம் லீடர் அல்லவா? பெட்டி பெட்டியாக லேஸ் நூறு வருஷம் தள்ளிப்போனது.

ஒரு மாதம் கழித்து மியூசியத்திலிருந்து மெயில் வந்தது. ஒரு சீமாட்டியின் கை லேஸை ஆயிரத்து எண்ணூறுகளில் போட்டிருக்கிறீர்கள். அவர் அதே லேஸைப் போட்டுக்கொண்டு நிற்கும் ஓவியம் ஆயிரத்து எழுநூற்று அறுபதில் வரைந்தது. தன் கொள்ளுப்பேத்தியிடமிருந்து அதைக் கடன் வாங்கியிருப்பாரோ என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். திட்டியிருந்தால்கூட வெங்கட் தாங்கியிருப்பான். மரியாதைதான் தாங்க முடியவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு என்றால் ஆயிரத்து எழுநூறுகள்தான். பேரில் ஒன்று, வருஷத்தில் ஒன்று குறைவு. அதை மண்டையில் ஏற்ற முடியாமல் அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்தான். வாசலில் அம்மா பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். ஆடி பிறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

"எனுக்கு எம்பது நடக்குது, தெர்யுமா?"

"போன வாரம்தான் எழுபத்தொம்போது முடிஞ்சிதுன்ன?"

"முடிஞ்சிதில்ல? அப்ப இன்னா நடக்குது?"

வெங்கட் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றான். பதினேழு நூறு முடிந்துவிட்டது, பதினெட்டாவது நூறு நடக்கிறது. மறுநாள் தன் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் 'அம்மா கணக்கு' என்று எழுதி ஒட்டினான். அதன்பிறகு டீமில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும், "சார், இது அம்மா கணக்குதானே?" என்பார்கள். ஆமாம் அம்மா கணக்கு என்பான். தன் பேர் அம்பத்தூரில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் புழங்குவது தெரிந்து வேம்புலியம்மாள் ஒரு நாள் முழுக்க யாரோடும் சண்டை போடாமல் இருந்தாள்.

"பிளக்க விடுங்க, நான் புடிச்சிக்கறேன்" என்று ஷோபனா வந்தாள். வெங்கட்டின் மனைவி. மூன்று வருஷமாக மாமியாரோடு டி.வி. சத்தத்துக்காக மல்லுக்கு நின்றவள். காலையிலிருந்து அந்த டி.வி.யைத் துணி போட்டு மூடி, துணியை எடுத்து, மறுபடி மூடிக்கொண்டிருந்தாள். "மேளக்கார ஜெகன் வந்து ஒரு மணி நேரம் ஆவுது. அடிக்கலாமா வேணாமான்னு கேட்டுகினே கீறாரு. மாமாவ இட்டுகினு போயி பேசுங்க."

ஷாமியானாவுக்குப் பின்னால், கார்ப்பரேஷன் தண்ணீர்த் தொட்டி ஓரமாக, மாமாவை உட்கார வைத்து வெங்கட் பேப்பர் கப்பில் டீ கொடுத்தான். மாமா ஆவடியில் டாங்கி செய்கிற ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது. அக்கா ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கு பனியன் வாங்கிக் கொடுப்பாள். தம்பிக்கு முப்பது வயதாக இருந்தபோது பார்த்த அளவிலேயே வாங்குவாள். இன்றும் போட்டிருந்த பனியன் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டிருந்தது.

"மாமா, நான் ஆபீஸ்ல இன்னா வேல பாக்கறேன், தெரியுமா?"

"ஏதோ கிழிஞ்ச துணி போட்டோவப் பாத்து எழுதறேன்னு அக்கா சொல்லுச்சி."

"கிழிஞ்சது இல்ல மாமா. லேஸு. ஓட்டய அவங்களே உட்டு உட்டு பின்னது."

"அதுக்கா சம்பளம் தர்றான்?"

"அத உடு. ஆயிரத்து எழுநூத்தி அறுவதுல ஒரு லேஸு பின்னிக்கிறாங்கன்னு வையி. அது எத்தினியாவது நூற்றாண்டு?"

மாமா டீயை ஊதினார். "பதினேழு."

"பதினெட்டு."

"எழுநூறுன்னு நீதானடா சொன்னே."

"பதினேழு நூறு முடிஞ்சிபோச்சி மாமா. அப்ப நடக்கறது பதினெட்டாவது. நடக்கறததான் கணக்குல எடுப்பாங்க. உலகத்துல எல்லா மியூசியத்துலயும் அப்டிதான் எழுதி வச்சிக்கறான். அதே மாரிதான் அம்மாவும். எழுபத்தொம்போது முடிஞ்சிடிச்சி, எம்பது நடக்குது. செத்தா எம்பதுலதான் செத்தது."

"ஃபேக்டரில முடிஞ்ச வருஷத்ததான் சர்வீஸ்ல எடுப்பான். நடக்கறத ஒத்துக்க மாட்டான்."

"அம்மா இன்னா டாங்கியா மாமா?"

மாமா சிரிக்கவில்லை. வெங்கட் தன்னையே நொந்துகொண்டான். சாவு வீட்டிலும் வாய் நிற்காது. ஆனால் மாமா யோசிப்பது தெரிந்தது. அவருக்கு ஒரு கணக்கைக் கொடுத்தால் அதைப் பிரித்துப் பூட்டிப் பார்க்காமல் விடமாட்டார்.

"எல்லா நாட்டுக்காரனும் அப்டிதான் சொல்றானா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேளம் அடித்திருக்கும். ஆனால் ஒரு நல்ல தகவலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பது வெங்கட்டின் ஜாதகத்திலேயே இல்லை.

"இத்தாலிக்காரன் மட்டும் வேற மாரி. அதே லேஸ அவன் எழுநூறும்பான். ஆயிரத்தக்கூட உட்டுட்டு வெறும் எழுநூறு."

"அப்ப அவன் முடிஞ்சத சொல்றான்."

"ஆமா. ஆனா…"

"லேஸு எந்த ஊர்து?"

வெங்கட் டீ கப்பின் அடியைப் பார்த்தான். "பாதிக்கு மேல இத்தாலிதான்."

"பின்னனவன் சொல்றது கணக்கா, வாங்கி பொட்டில வச்சிகினு கீறவன் சொல்றது கணக்கா?"

அம்பத்தூரில் ஒரு டீமே வெங்கட் பேச்சைக் கேட்டு நடக்கிறது. இங்கே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அவன் சொந்தச் சரக்கை வைத்தே அவனை மடக்கியாகிவிட்டது. தூரத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே ஜெகனின் ஆட்கள் காகிதத்தைக் கொளுத்தி மேளத்தின் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். தோல் இறுகிவிட்டதா என்று ஒருவன் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். மாமாவின் தோள் சட்டென்று தூக்கிப் போட்டது.

வெங்கட் அதைப் பார்த்தான். கணக்கை விட்டுவிட்டு மெல்லக் கேட்டான். "மாமா, ஊரே எம்பதுன்னு சொல்லுது. அம்மாவுக்கு மேளம்னா எவ்ளோ ஆசன்னு உனக்குத்தான் நல்லா தெரியும். நீ மட்டும் ஏன் மாமா புடிவாதமா கீறே?"

மாமா கப்பை நசுக்கி, மறுபடி நிமிர்த்தி, மறுபடி நசுக்கினார்.

"எம்பதுன்னா சிரிச்சிகினே கோடி போடணும்டா" என்றார். "அஞ்சலகூட ஒப்பாரி வைக்க வாயத் தொறக்க மாட்டா. வர்றவன்லாம் என் கையப் புடிச்சிகினு, 'நல்லா வாழ்ந்துட்டாங்க, போதும்'பான். நானும் ஆமான்னு சொல்லணும்."

"ஆமாதானே மாமா?"

"உனக்குப் போதுமா?"

வெங்கட் தன் கப்பைக் கீழே வைத்தான். அவன் அம்மா அவன் பார்க்காத ஒரு காலத்தில், தாயில்லாத இந்த ஆளை இடுப்பில் வைத்துக்கொண்டு வயலில் களை எடுத்திருக்கிறாள். அந்த வயல் இப்போது பிளாட்டு. அந்த இடுப்புப் பிள்ளைக்கு எழுபத்தொன்று. நடக்கிற கணக்கில் எழுபத்திரண்டு.

மாமா கைப்பையைத் திறந்து கோடிப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிளிப்பச்சை.

"கடையில வெள்ளதான் குட்த்தான். அக்காவுக்கு வெள்ளயே புடிக்காது" என்றார்.

வெங்கட் எழுந்து ஜெகனிடம் போனான். போகும்போதே ஃபிளெக்ஸ் கடைக்குப் போன் போட்டான்.

"வயசே வேணாம்பா. பேரு மட்டும் போடு."

"அந்த எடம் காலியா கீதே அண்ணாத்தே. ரோஜாப்பூ ஒண்ணு வச்சிடவா?"

"வையி."

ஜெகன் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். "இன்னா அண்ணாத்தே, முடிவாயிடிச்சா? ஆட்டமா, அழுகையா? அடி ரெண்டுக்கும் வேற வேற."

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இல்லியா?"

"ஒயின் ஷாப்பா இது, மிக்ஸிங் கேக்கறே?"

வெங்கட் கொஞ்சம் தள்ளி அவனைக் கூட்டிப்போனான். "கேளு. நம்ம தெரு முடியற வரிக்கும் ஆட்டம். அது அம்மாவுது. மெயின் ரோட்ல திரும்புனதும் எங்க மாமா காலப் பாரு. அவரு ஒரு எட்டு வச்சா நீ ஒரு அடி அடி. அவ்ளோதான். அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

"நின்னுட்டார்னா?"

"நீயும் நில்லு."

"நாங்க அப்டி அடிச்சதில்லியே."

"நாங்களும் இதுக்கு முன்னால அம்மாவ அனுப்பனதில்ல."

ஜெகன் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, தன் ஆட்கள் பக்கம் திரும்பினான்.

மாமாவிடம் போய், ஒரு தெருவுக்கு மட்டும் மேளம், அதன்பிறகு உன் இஷ்டம் என்று வெங்கட் சொன்னபோது, அவர் எழுந்து உள்ளே போனார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். கிளிப்பச்சைப் புடவையைப் பிரித்து, அக்காவின் தோளிலிருந்து பாதம் வரைக்கும் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார். கட்டைவிரல் வெளியே தெரிந்தது. அதையும் மூடினார். ஷோபனா டி.வி.யை மூடின துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பூ ஜோடித்த வண்டி வாசலிலிருந்து நகர்ந்ததும் ஜெகன் ஆரம்பித்தான். தெரு அதிர்ந்தது. மாடியில் காயப்போட்டிருந்த துணிகூட ஆடின மாதிரி இருந்தது. பையன்கள் வண்டிக்கு முன்னால் குதித்தார்கள். வெங்கட் ஈர வேட்டியோடு, கையில் கொள்ளிச்சட்டியோடு, எல்லோருக்கும் முன்னால் போனான். ஆட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. நாற்பத்தெட்டு வயது வரை எந்தக் கல்யாணத்திலும், எந்தத் திருவிழாவிலும், நண்பர்கள் தள்ளிவிட்டபோதும் ஆடாதவன்.

சட்டி ஆடக் கூடாது. ஆகையால் இடுப்புக்கு மேலே அசையாமல், இடுப்புக்குக் கீழே மட்டும் ஆடினான். நிறைய எண்ணெய் ஊற்றின தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸில் நிற்கிறவன் மாதிரி இருந்தது அது. வலது கால் ஒரு பக்கம் போனது, இடது கால் யாரைக் கேட்டு என்பது போல் இன்னொரு பக்கம் போனது. "வெங்கட்டு அண்ணன்டா" என்று ஒருத்தன் விசிலடித்தான். கொள்ளிச்சட்டி எடுக்கிறவன் ஆடலாமா என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, "வேம்புலியம்மா புள்ள ஆடாம?" என்று அஞ்சலை பதில் சொன்னாள். வெங்கட் திரும்பிப் பார்த்தான். வாசலில் ஷோபனா முந்தானையால் வாயை அழுத்தி மூடியிருந்தாள். சிரிக்கிறாளா, வேறா என்று இந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை.

தெருமுனையில் கடைசி வெடி வெடித்து, புகை கலைந்தது. வண்டி மெயின் ரோட்டில் திரும்பியது. ஜெகன் கையை உயர்த்தினான். மேளம் நின்றது. பையன்கள் ஆடின காலை என்ன செய்வது என்று தெரியாமல் ஓரத்துக்குப் போனார்கள்.

மாமா வண்டியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்தபடி நடந்துவந்தார், செருப்பில்லாமல். ஜெகன் அவருக்கு முன்னால் போய்ப் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தான், கண்ணை அவர் பாதத்திலிருந்து எடுக்காமல். வலது கால் கீழே வந்தது. ஓர் அடி. இடது கால். ஓர் அடி. மற்றவர்கள் ஜெகனின் குச்சியைப் பார்த்து அடித்தார்கள். இடையில் எதுவும் இல்லை. கல் குத்தி மாமா காலைச் சட்டென்று எடுத்தபோது அந்த அடியும் சட்டென்று அரைகுறையாக விழுந்தது.

மாமாவுக்கு முதலில் தெரியவில்லை. வீட்டுமனை விளம்பரப் பலகையைத் தாண்டி, ஏரிப் பக்கம் திரும்புகிற வளைவு வரை அப்படியே வந்தார். அங்கே ஒரு கால் வைத்தார், சத்தம் கேட்டது. அடுத்த காலை வைக்காமல் பார்த்தார், சத்தம் வரவில்லை. தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். ஜெகனைப் பார்த்தார். அப்புறம், சட்டியோடு முன்னால் நின்றுகொண்டிருந்த வெங்கட்டைப் பார்த்தார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

வண்டியைத் தள்ளியவர்கள் நிறுத்தினார்கள். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, அதற்குப் பின்னால் ஒரு டவுன் பஸ், செம்பரம்பாக்கம் கிடங்குக்குப் போகிற ஒரு கன்டெய்னர் லாரி என்று வரிசையாக நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஜெகனின் குச்சி மேளத்துக்கு மேலே, காற்றில் நின்றது. மாமாவின் வலது கால் இன்னும் அசையவில்லை. லாரிக்காரன் கதவுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.